தறி ஓடும்போதே ஒலித்த கிட்டார்

"படிச்ச புள்ளதான் அம்மணி, ஒத்துக்கறேன். ஆனா இது பரீட்சை இல்லீங்களே. ஊருச் சனத்து முன்னால மானம் போற காரியம்."

குமாரபாளையத்து இசைக்குழுவின் மாஸ்டர் இப்படிச் சொன்னபோது, நான் அண்ணன் என்று கூப்பிடும் கிட்டார்காரரின் மஞ்சள் பெடல் என் கையில் இருந்தது. சோப்பு டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டி. காலால் அழுத்தினால் கிட்டாரின் குரல் கரகரப்பாகும். அண்ணன் பகலில் சங்ககிரியில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். மிச்சமான மஞ்சளைப் பெடலுக்கும் பூசி, திருஷ்டி படாமலிருக்க அதன் மேல் எலுமிச்சையும் மிளகாயும் வரைந்து வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மின்னணுவியலில் பட்டம் வாங்கி, ஒரு கம்பெனியில் வேலையிலும் இருந்தேன். அந்தப் படிப்பை நம்பித்தான் அண்ணன், பெடல் இன்னும் உரக்கப் பாடும்படி மாற்றித் தரச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன். பாட்டு உரத்தது, அதோடு, அதுவரை அடியில் மெல்ல ஓடிக்கொண்டிருந்த ஓர் இரைச்சலும் உரத்தது. ஒத்திகையில் அண்ணன் கம்பியிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஸ்பீக்கர் 'ஙொய்' என்று கத்திக்கொண்டே இருந்தது.

"உள்ளார வண்டு கிண்டு வெச்சு மூடிட்டியா கண்ணு?" என்றார் தபேலா வாசிப்பவர். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் கரண்டில் எந்தக் கோளாறு வந்தாலும் பழி விசைத்தறி மேல்தான் விழும். பல்பு மினுக்கினாலும் தறி, டிவியில் கோடு விழுந்தாலும் தறி. ஒவ்வொரு வருடமும் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குச் சில நாள் முன்பே மாஸ்டர் வெற்றிலை பாக்கோடு பழத்தட்டை ஏந்திக்கொண்டு மேடையைச் சுற்றியுள்ள தறிக்கூடங்களுக்குப் போவார். கச்சேரி முடியும்வரை தறியை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்வார். அந்த வருடம் எதிர்க்கூடத்து முதலாளி தட்டை வாங்கவில்லை. "அம்மங்கிட்ட நான் பேசிக்கறனுங்க மாஸ்டர். துணி லோடு கேக்கறவங்கிட்டத்தான் பேச முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த மாஸ்டர் முடிவாகச் சொன்னார்: "நோம்பிக்குள்ள இரைச்சல் நிக்கோணும். இல்லீன்னா கிட்டாரே வேண்டாம். கீபோர்டுலயே அந்தச் சத்தத்த வாசிச்சுக்கலாம்." குழு தொடங்கிய நாளிலிருந்து மேடையின் வலது ஓரம் அண்ணனுடையது. அவர் நகத்தில் காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த இடம் பறிபோனால் அதற்குக் காரணம் என் கைவேலையாகத்தான் இருக்கும்.

நானும் முதலில் தறியைத்தான் சந்தேகப்பட்டேன். பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டிப் பார்த்தேன், பயனில்லை. ஒரு மதியம், எதிர்க்கூடத்தில் அத்தனை தறிகளும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியை மாட்டினேன். கிட்டார் கம்பியைத் தொடும்வரை பெட்டி வாயே திறக்கவில்லை. தறி மேல் குற்றமில்லை. இரைச்சல் அடாப்டர் வயர் வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அப்ப பேட்டரியிலயே வாசிச்சர்லாமுங்கல்ல?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"போ கண்ணு. பாதிப் பாட்டுல அது செத்துப்போயி, நான் கையக் கட்டிக்கிட்டு நின்னதெல்லாம் உனக்குத் தெரியாது."

அண்ணனிடம் இன்னும் சில பெடல்கள் இருந்தன. எல்லாம் ஒரே அடாப்டரில் வரிசையாகக் கோத்தவை. எதிரொலி தரும் டிஜிட்டல் பெடலைக் கழற்றியதும் இரைச்சல் பாதியானது. அது கலக்கிவிட்ட கரண்டைத்தான் மஞ்சள் பெட்டியும் குடித்துக்கொண்டிருந்தது. நான் கூட்டிவிட்ட சத்தம் அந்தக் கலங்கலையும் பெரிதாக்கியிருந்தது. கலங்கலை வடிகட்ட, பெட்டிக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு சிறிய ரெசிஸ்டரை வைத்து, அதையடுத்துக் கிரவுண்டுக்குப் பெரிய கெபாசிட்டர் ஒன்றும், பக்கத்திலேயே சிறியது ஒன்றும் பற்றவைத்தேன். எதிரொலிப் பெடலை மறுபடி மாட்டியும் அந்த 'ஙொய்' எழவில்லை. ஆனால் மெல்லிய உறுமல் ஒன்று மிச்சமிருந்தது. அதைத் தேடிப் போனபோதுதான், மின்னழுத்தத்தைப் பாதியாகப் பிரித்துத் தரும் முனையில் கெபாசிட்டரே இல்லாததைக் கண்டேன். அங்கே நுழையும் இரைச்சல் நேராகப் பாட்டோடு கலந்துவிடும். அங்கும் ஒன்றைப் பற்றவைத்தேன். உறுமல் நின்றது.

நோம்பியன்று பொழுது சாயும் நேரம். எதிர்க்கூடத்தில் தறிகள் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் அடாப்டரைச் செருகி, பெடலை மிதித்து, கம்பியைத் தொடாமல் நின்றார். மாஸ்டர் ஸ்பீக்கரை உற்றுப் பார்த்தார். பிறகு மைக் திறந்திருப்பதை மறந்து கேட்டார்:

"ஏனுங் அம்மணி, பெட்டி ஆன்ல இருக்குதா இல்லியா?"

அண்ணன் கம்பியை ஒரே இழுப்பாக இழுத்தார். கூட்டம் விசிலடித்தது. கூடத்து வாசலில், தலையெல்லாம் பஞ்சோடு, அங்கே தறி ஓட்டும் என் அப்பா நின்றிருந்தார். உள்ளே ஒரு தறியும் நிற்கவில்லை. பாட்டு முடிந்ததும் அண்ணன் மாஸ்டரிடமிருந்து மைக்கை வாங்கி, "இது என்ற தங்கச்சி வேலைங்க" என்றார். மாஸ்டர் அடுத்த பாட்டின் பெயரைச் சொல்ல மறந்து நின்றார்.

இன்று ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பவானியிலிருந்தும் குழுக்காரர்கள் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். மாஸ்டர்தான் அனுப்பி வைக்கிறார். கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். கடைவீதியில் ஓர் அறையை என் பெயரிலேயே வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். கடைப் பலகையை அண்ணன் லாரிப் பெயின்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போடச் சொல்லியிருக்கிறேன். உள்ளே இன்னும் ஒரு வயர் கூட இழுக்கவில்லை. அதற்கு முன்பே, வரும் இரைச்சல் மண்ணோடு போகட்டும் என்று, இன்று காலை கொல்லையில் எர்த் குழி தோண்டி, கம்பியை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, இரண்டு குடம் தண்ணீரும் ஊற்றிவிட்டேன்.