ஓடைவாயில் பிடித்த மீன்

வெர்னா ஓடெகார்டுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, துடுப்புதான் பேசும். கோல்டர் ஆற்றில் இருபத்தாறு வருஷமாகப் படகு தள்ளுகிறவள். இறகில் கட்டிய பொய் ஈயைத் தூண்டிலில் மாட்டிக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ட்ரவுட் மீன் நிற்கிற இடத்தைக் காட்டுவது அவள் பிழைப்பு. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும். அது அங்கே எல்லோருக்கும் வழக்கம்.

அந்த ஆகஸ்டில் மலையில் பனி சீக்கிரமே தீர்ந்துபோனது. தண்ணீர் சூடேறிவிட்டால் ட்ரவுட்டுக்கு மூச்சு முட்டும். அப்போது பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்டாலும் செத்துப்போகும். மதியம் இரண்டு மணிக்கு மேல் தூண்டில் போடக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. வெர்னாவுக்கு அது போதாது. படகோரத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அது ஃபாரன்ஹீட்டில் அறுபத்தெட்டைத் தாண்டினால், மணி என்னவானாலும் தூண்டிலைச் சுருட்டச் சொல்லிவிடுவாள். அந்த மாதத்தில் இரண்டு பேரை அப்படிப் பாதியில் கரையேற்றியிருந்தாள்.

அன்று காலை பெட்ரோல் பங்கில் காபி ஊற்றிக்கொண்டே படகு கம்பெனி முதலாளி மெர்ல் சொன்னான்: "இன்னொருத்தர பாதியில எறக்கிவிட்டேன்னு கேள்விப்பட்டேன்னா, நீ வேற வேல பாத்துக்கோ, வெர்னா. இன்னிக்கு ஒன் படகுல வர்ற விட்டேகர் பெரிய மீன் கேக்குறாரு. காட்டு."

மெர்லுடைய லைசென்ஸில்தான் அவள் படகு ஓடியது. அது இல்லாமல் கூலிக்கு யாரையும் ஆற்றில் ஏற்ற முடியாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

விட்டேகர் கெட்ட மனிதர் இல்லை. முட்டி ஆபரேஷன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். விரல் நீளத்தில் நாலு மீன்தான் மாட்டியது. பன்னிரண்டு மணிக்குத் தெர்மாமீட்டர் அறுபத்தொன்பது காட்டியது. கரைக்குத் திருப்ப வேண்டிய நேரம். வெர்னாவுக்கு மெர்லுடைய முகம் நினைவுக்கு வந்தது. படகைப் பெண்டர் ஓடை ஆற்றில் விழுகிற இடத்துக்குத் தள்ளினாள்.

அது ஊற்றுத் தண்ணீர். சூடு தாங்காத மீனெல்லாம் அங்கேதான் வந்து நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். வெயில் காலத்தில் அங்கே தூண்டில் போடுகிற படகுக்காரனுக்கு மற்றவர்கள் சர்ச்சில்கூட வணக்கம் சொல்ல மாட்டார்கள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் வெர்னா தெர்மாமீட்டரை முக்கினாள். அறுபத்தொன்று.

"இன்னும் பிடிக்கலாம், சார்," என்றாள். ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் சொன்னாள்.

மூன்றாவது வீச்சிலேயே முழங்கை நீள மீன் மாட்டியது. மாட்டியதும் குளிரை விட்டு நடு ஆற்றின் சூட்டுக்குள் பாய்ந்தது. சீக்கிரம் இழுக்கச் சொன்னாள். அவரோ சிரித்துக்கொண்டே ஓடவிட்டார். பத்து நிமிஷம் போனது.

"தூண்டிக் கம்ப மீனப் பாத்து நேரா நீட்டுங்க. தூண்டி நரம்பு தானா அறுந்துக்கும். விட்டுடுங்க."

"என்ன மேடம், வெளையாடுறீங்களா? ஒரே ஒரு போட்டோ. வீட்டம்மா நம்ப மாட்டா."

நெஞ்சில் தொங்கிய கத்தரியை எடுத்து வெர்னா நரம்பை வெட்டினாள்.

விட்டேகர் சொன்னதெல்லாம் எழுதத் தகாதது. அவள் காதில் எதுவும் விழவில்லை. மீன் வயிறு மேலாகப் புரண்டதைப் பார்த்து ஆற்றில் குதித்திருந்தாள். இரண்டு கையாலும் ஏந்தி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். செவுள் ஒரு தடவை திறந்து மூடியது. கால் மணி நேரம் கழித்தும் இன்னொரு தடவை திறக்கவில்லை.

"செத்துடுச்சா?" என்றார் விட்டேகர், குரல் இறங்கி.

"பேசாம உக்காருங்க. ஒங்கள இங்க கூட்டியாந்தது நான்."

செத்த மீனைப் படகில் கிடத்திக்கொண்டு நாலு மைல் துடுப்புப் போட்டாள். யார்மேல் கோபம் என்று பிரிக்க முடியவில்லை. மெர்ல்மேல், அந்த மனிதர்மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல். ஜெபிக்கப் பார்த்தாள். தாடை இறுகிக்கொண்டதுதான் மிச்சம்.

துறையில் மெர்ல் காத்திருந்தான். வேறு இரண்டு படகுக்காரர்கள் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தம்மா என் நரம்ப வெட்டிட்டாங்க," என்றார் விட்டேகர்.

மெர்ல் வாய் திறப்பதற்குள் வெர்னா மீனை அவன் வண்டியின் பானெட்மேல் கிடத்தினாள். "வெட்டினேன். அத விடு. இது பெண்டர் ஓடைவாயில பிடிச்சது. நான்தான் பிடிக்க வச்சேன்."

படகுக்காரர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா பேசுடீ," என்றான் மெர்ல்.

"எதுக்கு? பெரிய மீன் கேட்டியே. எடுத்துக்கோ."

மெர்ல் குனிந்து, அவள் படகில் ஒட்டியிருந்த தன் கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் உரித்தெடுத்தான். அவளுக்காக யாரும் பரிந்து பேசவில்லை. பேசாததே சரி என்று அவளுக்கும் பட்டது.

மறுநாள் பதினொரு மணிக்கே மடக்கு நாற்காலியோடு அவள் ஓடைவாய்க்குப் போய்விட்டாள். தண்ணீரோரம் எல்லோருக்கும் பொது, எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒரு படகு அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பியது. வெர்னா எழுந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, இடுப்பில் கைவைத்து நின்றாள். படகுக்காரன் அவள் முகத்தைப் பார்த்தான். நடு ஆற்றுக்கே திருப்பிக்கொண்டான்.

செப்டம்பரில் முதல் குளிர் விழும் வரைக்கும், ஞாயிறு ஆராதனை நேரம் போக, அவள் அங்கேதான் நின்றாள்.