ஏற்கெனவே போட்டிருந்த டிக்

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் 'டிக் எடுக்கிறவ'. கேலிக்கு வைத்ததுதான். கம்ப்யூட்டரில் புதிதாக எதை ஏற்றினாலும் ஒவ்வொரு திரையையும் நின்று நிதானமாகப் படிப்பாள். அடியில் பொடி எழுத்தில், 'இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மைக் கேட்காமலே அதில் டிக் போட்டு வைத்திருப்பான். அக்கா அதை எடுத்துவிட்டுத்தான் அடுத்த திரைக்கு நகர்வாள்.

"பத்திரம் படிக்கிற மாதிரி படிக்கிறா பாரு" என்று அத்தான் சிரிப்பார். அவர் கண்ணுக்கு 'நெக்ஸ்ட்' பட்டனைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஒரு குடோனில் ஸ்டோர் மேனேஜர். அங்கே எல்லாம் ஸ்டாக் இருக்குமாம், பொறுமையைத் தவிர.

அக்காவின் பிழைப்பே அந்தக் கம்ப்யூட்டர்தான். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுச் சொல்வதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அக்கா ஹாலின் மூலையில், அயர்ன் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் உள்ள பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு டைப் அடிப்பாள். பாதி டாக்டர்கள் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள். அதையும் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பாள். அந்தக் கம்ப்யூட்டரே அவள் சம்பாதித்து வாங்கியது. ஆனால் வீட்டில் அது 'நம்ம' கம்ப்யூட்டர். மாமியார் சீரியல் பார்ப்பார். அத்தான் ஓசியில் கிடைக்கிற எதையாவது இறக்குவார். ஒன்றை இறக்கினால் நாலு ஒட்டிக்கொண்டு வரும்.

சுத்தம் செய்வது அக்கா. ஏற்றிய தேதிப்படி பட்டியலை அடுக்கி, தான் ஏற்றாததையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்குவாள். அதுகளும் லேசில் போகாது. 'நிஜமாகவே என்னை அனுப்பப் போகிறீர்களா?' என்று கேட்டு, 'இருக்கட்டும்' என்பதைப் பெரிய பச்சைப் பட்டனாகவும், 'நீக்கு' என்பதைக் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்திலும் வைத்திருக்கும். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜென்மங்கள்!

போன வருஷம் அக்காவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அவளுக்கு வேலை கொடுக்கிற கம்பெனி சிலரை நிரந்தரமாக எடுக்கப் போவதாகச் சொன்னது. மாதச் சம்பளம், லீவு, எல்லாம் உண்டு. வீட்டிலிருந்தே ஒரு தேர்வு எழுத வேண்டும். தேர்வு நடக்கும்போது திரையில் வேறு எந்த ஜன்னல் திறந்தாலும் அதோடு முடிந்தது. மறுவாய்ப்பு கிடையாது. அக்கா அதை என்னிடம் சொல்லும்போது அவள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தத் துள்ளலை நான் கேட்டதே இல்லை.

தேர்வு முடிகிறவரை ஆபத்து வேண்டாமென்று, அத்தானுக்கும் மாமியாருக்கும் கம்ப்யூட்டரில் தனிக்கணக்கு போட்டுக் கொடுத்தாள். அதில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், புதிதாக எதையும் ஏற்ற மட்டும் அவள் பாஸ்வேர்டு வேண்டும். அவ்வளவுதான் செய்தாள். வீடே ரெண்டுபட்டுப் போனது. மாமியார் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அத்தான் எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மா அன்றைக்கே கிளம்பிப் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"கட்டின புருஷனுக்கே பூட்டா? நல்லா இருக்குடி!"

"அவருக்குப் பூட்டு இல்லம்மா. அவர் இறக்கிட்டு வர்றதுக்குத்தான் பூட்டு."

"ரெண்டும் ஒண்ணுதான். மாப்பிள்ளை முகமே செத்துப் போச்சு. குடும்பத்துக்குள்ள எதுக்குடி பாஸ்வேர்டு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படின்னா அத்தான் போனோட பாஸ்வேர்டு இந்த வீட்ல யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீ வாய மூடு" என்றாள் அம்மா. அத்தான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அக்கா எழுந்து போய்ப் பூட்டை எடுத்துவிட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மாமியாருக்கு மருந்து வாங்க அக்கா வெளியே போயிருந்தாள். திரும்பி வந்தபோது அத்தான் மேஜையில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தாராம்.

"நாளைக்கு உனக்கு டெஸ்ட்டு, இது ஆமை மாதிரி நகருது. அதான் வேகமாக்குறதுக்கு ஒண்ணு போட்டு விட்டிருக்கேன். ஓசிதான்."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"தேடினேன். மேலயே பெரிய பச்சைப் பட்டன் இருந்துச்சு, அமுக்கினேன்."

"அது விளம்பரங்க. செஞ்ச கம்பெனியோட சொந்தப் பக்கத்துலேருந்து எடுக்கணும். டிக்கெல்லாம் பாத்தீங்களா?"

"அவனே எல்லாத்தையும் போட்டு வச்சிருந்தான். நமக்கு வேலையே இல்ல!"

திரையில் தேடல் பக்கம் மாறிக் கிடந்தது. மூலையில் ஒரு பெட்டி, கம்ப்யூட்டரில் ஏகப்பட்ட கோளாறு இருக்கிறது, பணம் கட்டினால் சரிசெய்கிறேன் என்று துள்ளிக்கொண்டிருந்தது. அக்கா மருந்துப் பையைக் கீழே வைத்தாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பட்டியலில் இருந்தவை, பிரௌசரில் ஒட்டியவை, ஆன் செய்ததும் ஓடுகிறவை. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். எல்லாம் அடங்கியிருந்தது. "சுத்தமாயிடுச்சுடி" என்று எனக்குப் போனில் சொன்னாள்.

மறுநாள் காலை நான் போயிருந்தேன். மாமியாரின் டிவி சத்தம் கேட்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்கா தலைக்குக் குளித்து, நேராக உட்கார்ந்து, பெடலில் காலை வைத்தாள். விரல்கள் பறந்தன. எனக்கே பெருமையாக இருந்தது.

பாதியில் திரை முழுக்க ஒரு ஜன்னல் திறந்தது. ஜிகினா பறந்தது. "வாழ்த்துகள்! இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான்!" என்று ஒருத்தி கத்தினாள். ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது. அக்கா பெடலை மிதித்து மிதித்து அந்தக் குரலை நிறுத்தப் பார்த்தாள். பெடலுக்கு அடங்குகிற குரலா அது? அவள் ஜன்னலை மூடுவதற்குள், 'தேர்வு முடிக்கப்பட்டது' என்று வந்துவிட்டது.

அப்புறம் தேடிக் கண்டுபிடித்தாள். குறித்த நேரத்துக்குத் தானாக எழுந்து ஓடும்படி ஒரு வேலையை, அத்தான் ஏற்றிய அந்தச் சமாச்சாரம் உள்ளே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. அந்த ஒரு இடத்தைத்தான் அவள் பார்க்கவில்லை. அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கம்பெனிக்கு எழுதிப் பார்த்தாள். விதி விதிதான் என்று பதில் வந்தது.

"நான் உனக்காகத்தானே போட்டேன்?" என்று அத்தான் கண் கலங்கினார். உடனே எல்லோருடைய இரக்கமும் அந்தப் பக்கம் ஓடியது. "பாவம்டி மாப்பிள்ளை, மனசு ஒடிஞ்சு போயிட்டாரு. நீ எதையாவது சொல்லிக்கில்லி வச்சிடாத" என்றாள் அம்மா போனில். ஒடிந்தது யாருடைய மனசு என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. அக்கா பழையபடி ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு டைப் அடிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளறையில் இருவரும் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஹாலிலிருந்து அத்தானின் குரல் வந்தது.

"ஏய், இங்க என்னமோ கேக்குது. டிக்கெல்லாம் போட்டிருக்கு. நெக்ஸ்ட் குடுக்கவா?"

அக்கா விழுந்தடித்து ஓடுவாள் என்று நான் உறையைக் கீழே வைத்துவிட்டேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. கையில் இருந்த உறையின் நாலு மூலையையும் சரியாகச் சேர்த்து மடித்தாள்.

"குடுங்க" என்றாள்.