ஃபானே அக்காவின் ஈரக் கைகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் கண்ணால் பார்த்ததை, என் காதால் கேட்டதை மட்டும்தான் எழுதுகிறேன்.

நான் லூப்பே. டோங்காவில் பிறந்தவள். ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அங்கே டாக்டராக இருந்த ஃபானேயும் எங்கள் தீவுக்காரர். எனக்கு அக்கா மாதிரி.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஓஃபா என்ற சிறுமியைக் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. கழுத்து வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை போகும் மெல்லிய குழாயை, அக்கா அவசர அவசரமாகப் போட்டார். கையைச் சரியாகக் கழுவவில்லை. மேலங்கி போடவில்லை. ஓஃபா பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம்கூடக் கேட்டாள். பிறகு அந்தக் குழாய் வழியாகவே கிருமி ரத்தத்தில் ஏறியது. போய்விட்டாள்.

அக்கா மறைக்கவில்லை. ஓஃபாவின் அம்மா லெசியேலியின் காலடியில் உட்கார்ந்து, தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னார். லெசியேலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளின் உடலோடு டோங்காவின் ஹாபாய் தீவுக்குப் போனவள் திரும்பவே இல்லை.

அதன்பின் அக்கா எங்கள் பிரிவுக்கு ஒரு விதி கொண்டுவந்தார். கழுத்தில் குழாய் போடுபவர் கை கழுவ வேண்டும், மேலங்கி அணிய வேண்டும், நோயாளியைத் துணியால் முழுதாக மூட வேண்டும். தோலில் தடவிய மருந்து காயும்வரை ஊசியைத் தொடக்கூடாது. எது விட்டுப்போனாலும் நர்ஸ் தடுத்து நிறுத்தலாம். எனக்கு அதற்கு வாய் வராது.

"சர்ச்சுல பாடுறப்ப கூரையே பிய்யுது. இங்க மட்டும் வாயில கிழங்கா வச்சிருக்க?" என்று அக்கா கிண்டல் செய்வார். உதடு சிரிக்கும். கண் சிரிக்காது.

ஜூலையில் இதய நோயோடு அவரும் ஹாபாய்க்குப் போய்விட்டார்.

ஆகஸ்டில் ஒரு மழை நாள். பொழுது சாயும் நேரம். பஸ் ஓட்டுநர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஓஃபாவுக்கு இருந்த அதே நிலைமை. இளம் டாக்டர் கேலம் கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டு ஊசியை எடுத்தார்.

தடுக்க வேண்டும். என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது... சளசளவென்று தண்ணீர்ச் சத்தம்.

திரும்பினேன். மூலைத் தொட்டியில் ஃபானே அக்கா கை கழுவிக்கொண்டிருந்தார்.

எப்போது வந்தார்? இடுப்பில் பழைய பாய் சுற்றியிருந்தார். எங்கள் தீவில் துக்கத்துக்குச் சுற்றும் பாய். யாருக்குத் துக்கம்?

தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். நுரை வரவில்லை.

கேலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா..."

"இன்னும் போகலடி, லூப்பே."

உதடு அசையவில்லை. குரல் மட்டும் என் காதுக்குள்...

"நீ சொல்லு."

"நிறுத்துங்க, டாக்டர்," என்றேன். "கை கழுவிட்டு வாங்க. அவர் கையில ஏறுற மருந்து அதுவரைக்கும் தாங்கும்."

கேலம் முறைத்தார். பிறகு ஊசியை வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போனார். அக்கா நின்ற அதே இடத்துக்கு.

யாரும் இல்லை.

தண்ணீர்க் குழாய் மூடியிருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது.

பஸ் ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் ஹாபாயில் அக்காவின் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது லெசியேலி.

அக்கா முந்தின நாள் காலையிலேயே இறந்துவிட்டாராம். குளிப்பாட்டித் துடைத்துப் பாயில் கிடத்தியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு கைகளும் ஈரமாகவே இருந்தனவாம். துடைக்கத் துடைக்க நீர் ஊறியதாம். மற்ற பெண்கள் பயந்து எழுந்துபோய்விட்டார்கள். லெசியேலி மட்டும் பகல் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து துடைத்திருக்கிறாள்.

எப்போது நின்றது என்று கேட்டேன்.

"பொழுது சாயுறப்ப," என்றாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கைய என் மடியில வச்சுக்கிட்டு, 'போதும் ஃபானே, சுத்தமாயிடுச்சு'ன்னேன். அப்புறம்தான் காஞ்சுது."