எதையும் பொருத்திவிடும் நவ்ஃபல்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் ஆலிவ் ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொடுக்கும் எங்கள் நிறுவனத்தில் நவ்ஃபல் மஸ்மூதியைக் குறை சொல்பவர் எவரும் இல்லை. ஒரு மனிதரைப் பற்றி இதைவிட மோசமாக ஒன்றைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையில் தொழிற்சங்கத்துக்காரர்களோடு நின்று முதலாளியைத் திட்டுவார். காப்பி நேரத்தில் முதலாளியோடு உட்கார்ந்து சங்கத்தைத் திட்டுவார். இரண்டு இடத்திலும் மனதாரத்தான் திட்டுவார் என்பதே விசேஷம்.

அவருடைய வேலை பொருத்தம் பார்ப்பது. பெட்டிக்குள் இருக்கும் போர்டில் எந்தக் கம்பியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் விவரக் கோப்புக்கு எங்கள் தொழிலில் மரம் என்று பெயர். ஒவ்வோர் ஆலையும் தனக்கென்று மாட்டிக்கொள்ளும் சென்சார், ஹீட்டர் இவற்றைச் சொல்லும் சிறு கோப்பு அந்த மரத்தின் மேல் ஏறி உட்காரும், அது ஒட்டு. எந்தெந்த போர்டின் மரத்துக்கு உரியது என்று ஒட்டின் தலையிலேயே எழுதியிருக்க வேண்டும். பெயர் எழுதாத போர்டில் ஏற்றினால் ஒரு சோதனை நிரல் மறுத்துவிடும். அந்தச் சோதனையை எழுதியவரே நவ்ஃபல்தான். விஷயம் தெரியாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. தெரியாதவராக இருந்திருந்தால் கொஞ்சமாவது பயந்திருப்பார்.

இந்தப் பருவத்தில் பழைய போர்டு வருவது நின்று புதியது வந்தது. அகாரிப் சாலையில் ஆலை வைத்திருக்கும் லல்லா முன்ஜியா என்ற அம்மாளின் பெட்டி புகைந்துபோகவே, புது போர்டை வைத்துப் பழைய ஒட்டை ஏற்றினார்கள். பொருந்தாது என்றது சோதனை. இரண்டு மரங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டு ஒட்டைத் திருத்த வேண்டிய இடம் அது. நவ்ஃபல் ஒட்டைத் திறந்தார், பழைய போர்டின் பெயருக்குக் கீழே புதியதன் பெயரையும் எழுதினார், மூடினார். காவல்காரனிடம் திருடனைச் சொந்தக்காரன் என்று அறிமுகம் செய்துவைத்தது போல, சோதனை வாயை மூடிக்கொண்டது.

முன்ஜியாவுக்கு அது விளையாட்டில்லை. அரைத்த விழுது இருபத்தேழு டிகிரியைத் தாண்டினால் எண்ணெயைக் குளிர்முறை எண்ணெய் என்று விற்க முடியாது. வியாழக்கிழமை இத்தாலிய வியாபாரி வந்து மாதிரி எடுப்பதாக இருந்தது. அவர் முகம் சுளித்தால் பருவம் முழுவதற்குமான ஒப்பந்தமும் பக்கத்து ஆலைக்குப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை முன்ஜியா கூப்பிட்டார். நானும் நவ்ஃபலும் போனோம். எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணை சி என்றும் பெண்ணை லல்லா என்றும் கூப்பிடுவோம்.

"சி நவ்ஃபல், உங்க பெட்டி இருபத்திரண்டுங்குது. என் கை சூடுங்குது. ரெண்டுல யாரு பொய் சொல்றா?"

"குளிர்ல இருந்து உள்ள விட்ட கை லல்லா. அதுக்கு எல்லாமே சூடாத்தான் தெரியும்."

"அப்ப இதுக்கும் குளிருதா?" என்று ஜாம் காய்ச்சும் வெப்பமானியை விழுதுத் தொட்டியிலிருந்து எடுத்து நீட்டினார். முப்பத்தெட்டு.

நவ்ஃபல் மடிக்கணினியைத் திறந்து இரண்டு மரங்களையும் உருட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. நானும் பார்த்தேன். பழைய போர்டில் தொட்டிக்குப் போகும் கம்பியின் பெயரிலேயே புதியதிலும் ஒரு கம்பி இருந்தது. ஆனால் அதில் உட்கார்ந்திருந்தது போர்டு தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் சென்சார். பெட்டி மாட்டியிருந்ததோ வாசலோரச் சுவரில். அங்கே குளிரக் குளிர ஹீட்டர் ஓடி, இங்கே விழுது சூடேறிக்கொண்டிருந்தது.

"இது என் ஆலைக்குப் பொருந்துமா, பொருந்தாதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"ஒட்டு பொருந்தியிருக்கு லல்லா. அளவுதான் கொஞ்சம்..."

"மாப்பிள்ளை பொருத்தந்தான், ஆனா வந்து உக்காந்திருக்கிறது வேற வீட்டுல. அப்படித்தானே?"

"கொஞ்ச நேரம் பார்ப்போமே. தானா எறங்கும்."

இறங்காது என்று அவருக்குத் தெரியும். அந்த வரி இன்னும் திரையில் இருந்தது. "ஹீட்டரை நிறுத்துங்க லல்லா, இது பொருந்தாது" என்றேன். நான் சொல்லி முடிக்குமுன்பே முன்ஜியா விசையைத் தட்டிவிட்டிருந்தார். நவ்ஃபல் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு விருந்தில் நான் ஏப்பம் விட்டால் வரும் வருத்தம்தான் இருந்தது.

அந்தத் தொட்டி போயிற்று. சாதாரண எண்ணெயோடு சேர்த்தார்கள். மற்றவற்றை முன்ஜியா வெப்பமானியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார். வியாழக்கிழமை வந்த வியாபாரி வாயில் ஊற்றிச் சுழற்றி, விழுங்கி, கையெழுத்துப் போட்டார். அவர் கார் கிளம்பியதும் முன்ஜியா எங்கள் முதலாளியைக் கூப்பிட்டு, பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார்.

கழற்ற நவ்ஃபலைத்தான் அனுப்பினார்கள். வாடிக்கையாளரிடம் பக்குவமாகப் பேசுபவராம். திருகாணிகளை எடுத்துவிட்டு முன்ஜியா கொடுத்த காப்பியைக் குடித்தார். நிறுவனத்தை, போர்டை, பொறியாளர்களை முன்ஜியா ஒவ்வொன்றாக எடுத்து வைதபோது ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல் தலையாட்டினார்.

"எவன்தான் இப்படி வேலை பண்றானோ லல்லா" என்றாராம்.