ஒரு டிக்கெட்டுக்கு ஊரே நிற்கும் பிம்பள்தரா விலக்கு

இன்றைக்குச் சந்தித்தது விதர்பாவின் பிம்பள்தரா சகுபாயை! நாற்பதே வீடுள்ள ஊர். விலக்கில் ஒற்றை ஆள் கை காட்டினால் பஸ் நிற்காது. இன்று மருமகள் மாலதிக்கு டவுனில் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. பஸ்ஸை விட்டால் வேலையும் போச்சு. சகுபாய் சும்மா இருப்பாரா? வீடு வீடாகக் குரல் கொடுத்தார். பருத்திக் காட்டில் இருந்தவர்கள்கூட ஓடிவந்து சாலையோரம் நின்றார்கள்.

கூட்டத்தைப் பார்த்து பஸ் நின்றது. மாலதி மட்டும் ஏறினாள்.

"இவ்வளவு கூட்டம், ஒரே டிக்கெட்டா அக்கா?" என்றார் கண்டக்டர்.

"வழியனுப்ப வந்திருக்கோம் அண்ணே. உங்க வீட்டுல வாசல் வரைக்குமாவது யாராச்சும் வர்றாங்களா?" என்றார் சகுபாய்.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தபடி மணியடித்தார்.

அந்தப் பக்கம் போனால் பிம்பள்தரா விலக்கில் இறங்குங்களேன். நீங்கள் இறங்க பஸ் நின்றால், அங்கே ஒருவர் சுலபமாக ஏறிக்கொள்வார்!