சூளை இரண்டு, ஏழாம் போர்ட்டு

எங்கள் கம்பெனி கோகுலகிருஷ்ணனைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நாற்காலியில் உட்கார்ந்து நாலு தட்டுத் தட்டினால் போதாதா, எதற்கு இந்த வெயிலில் ஒவ்வொரு ஷெட்டாக நடந்து போய் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான் என்று கேட்கிறார்கள். புதிதாக வந்த பையன்கள் அவனுக்கு நடராஜா சர்வீஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சிரிக்கட்டும். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு அப்புறம் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் டிஸ்பாட்ச் கிளார்க் ரீட்டா. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று விருத்தாசலம் பீங்கான் பேட்டை முழுக்க எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறேன்.

நாங்கள் பியூஸ் கேரியரும், கரண்டு கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டரும் செய்கிறோம். மொத்தம் இரண்டு சூளைகள், ஷெட்டுக்கு ஒன்று. முன்பெல்லாம் சூளைப் பக்கத்திலேயே சூடு காட்டுகிற மீட்டர் இருந்தது. எங்கள் முதலாளி எங்கேயோ போய் எதையோ பார்த்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மீட்டரைக் கழற்றினார்கள். ஷெட்டுக்கு ஒன்றாக இரண்டு பெட்டி வந்தது. அதற்கு நோடு என்று பெயர். சூளையின் சூடு ஒயர் வழியாக நோடுக்குப் போகும், அங்கிருந்து ஆபீசுக்கு வரும். சூடு எல்லை தாண்டினால் ஆபீசில் மணி அடிக்கும். ஆபீசிலிருந்து போன் போனால்தான், சூளையை எரிக்கிற ஃபயர்மேன் எண்ணெயைக் குறைக்கலாம். தன்னிஷ்டத்துக்குக் கை வைக்கக்கூடாது என்பது உத்தரவு.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வந்தவன்தான் கோகுலு. கருவேப்பிலங்குறிச்சிக் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை. பாண்டிச்சேரியில் படித்தவன். அந்தக் குடும்பத்தில் சம்பளத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். அவன் அம்மா அமிர்தம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம், "எம்மவன் கம்ப்யூட்டர்லயே சூளையை எரிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு வரும். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்த வயசில் தலை கொஞ்சம் மேகத்தில் இருந்தது. அப்பா வயசு ஆளையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

அவன் வேலை பார்ப்பதே ஒரு வேடிக்கை. நோடின் பெயரைப் போட்டு ஒரு கட்டளை அடிப்பான். அந்தப் பெட்டியில் இருக்கிற போர்ட்டெல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கும். போர்ட்டு என்றால் ஒயர் சொருகுகிற ஓட்டை, வேறொன்றுமில்லை. பக்கத்தில் 'அப்' என்று இருந்தால் ஒயர் உயிரோடு இருக்கிறது. 'டவுன்' என்றால் ஒயர் கழன்றிருக்கிறது. 'ஷட்' என்றால் ஆபீசிலிருந்தே கட்டளை போட்டு அந்தப் போர்ட்டை மூடியிருக்கிறது. எனக்கே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டான். "பாத்தீங்களாக்கா, உக்காந்த எடத்துலேர்ந்தே கம்பெனி பூரா தெரியுது" என்பான். சாமி வரம் கொடுத்தது மாதிரி ஒரு முகம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஆளாளுக்குத் தங்கள் சாமானைக் கொண்டுவந்து படத்தின் முன்னால் வைத்தார்கள். அச்சு, சுத்தியல், தராசு எல்லாம் வந்தது. மாதா கோயிலுக்குப் போகிற நானும் என் ஸ்டேப்ளரை வைத்தேன். கோகுலு இரண்டு நோடையும் சுவரிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "கொத்தனாருக்குக் கரண்டின்னா எனக்கு இதுதானேக்கா ஆயுதம்" என்றான். துடைத்து, பொட்டு வைத்து, பூப் போட்டான். இரண்டும் ஒரே அச்சு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மறுநாள் அவனே கொண்டுபோய் இரண்டு ஷெட்டிலும் மாட்டினான். இரண்டிலும் சூளையின் ஒயர் ஏழாம் போர்ட்டில்தான் சொருகியிருக்கும். கிண்ணத்தில் மீந்த சந்தனத்தை அந்த ஒயர் மேலும் பெட்டி மேலும் சேர்த்து விரலால் ஒரு அப்பு அப்பிவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் ஒன்றாம் சூளையில் உள்செங்கல் சரிந்தது. அதை நிறுத்திவிட்டுக் கொத்தனார் கருப்பன் உள்ளே இறங்கி வேலை பார்த்தார். வேலைக்கு இடைஞ்சலாக இருந்த ஒயரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். வேலை நடக்கிற இடத்துப் போர்ட்டை மூடி வைப்பது கோகுலுவின் வழக்கம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சூளை ஒன்று, ஏழாம் போர்ட்டு, ஷட் என்று அடித்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

அன்று சாயங்காலம் இரண்டாம் சூளை நாசமாய்ப் போயிற்று. ஆபீஸ் திரையில் அதன் சூடு கடைசியாக வந்த எண்ணிலேயே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை. போன் போகவில்லை. பாவாடை என்கிற ஃபயர்மேன் போனுக்காகக் காத்திருந்தார், எண்ணெயைக் குறைக்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த சரக்கெல்லாம் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகக் கிடந்தது.

முதலாளி எல்லோரையும் ஆபீசுக்கு வரச்சொன்னார். முகம் சிவந்திருந்தது. "ஏன் சூடு வரல? எனக்கு இப்பவே தெரியணும்" என்றார். கோகுலு உட்கார்ந்தான். எல்லோரும் பார்க்க, சூளை இரண்டின் பெயரைப் போட்டுக் கட்டளையை அடித்தான். வரிசையாக அப், அப், அப். ஏழாம் போர்ட்டு மட்டும் டவுன்.

"ஒயர யாரோ புடுங்கியிருக்காங்க சார். அந்த ஷெட்டுல இருந்தது பாவாடை ஒருத்தர்தான்" என்றான்.

பாவாடை பதறிவிட்டார். "அய்யோ, நான் தொடவே இல்ல சார். சொருகினது சொருகினபடியே இருக்குது. பூசைக்கு வச்ச சந்தனங்கூட உதிரல. ஒரு எட்டு வந்து பாருங்க சார்."

"சந்தனத்தப் பாத்தெல்லாம் நெட்வொர்க் ஓட்டறதில்ல பாவாடை. செல்போன் சார்ஜ் போட எதையாச்சும் புடுங்கியிருப்ப. தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லிட்டுப் போ, ஏன் பொய் சொல்ற?"

இரண்டாம் ஷெட்டு ஆபீஸ் ஜன்னலிலிருந்தே தெரியும். குழாயடியைத் தாண்டினால் வந்துவிடும். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. திரையில் தெரிகிறபோது எதற்குப் போய்ப் பார்ப்பது? முதலாளி ஷெட்டைப் பூட்டச் சொன்னார். பாவாடையை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

பேட்டையில் செய்தி தீப்பிடித்த மாதிரி பரவியது. பாவாடை போய் நின்ற கம்பெனியிலெல்லாம், "ஒயரப் புடுங்கி சூளையக் கெடுத்த ஆளுதானே நீ?" என்று கேட்டிருக்கிறார்கள். மீசை நரைக்கிற வரைக்கும் நெருப்போடு நின்ற ஆளுக்கு வெந்த பீங்கானை அடுக்குகிற வேலைகூட யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் அவர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டார். இந்த ஊரில் அநியாயம் நடந்து, கேட்க நாதியில்லை என்றால் செய்கிற காரியம் அது. குறையைச் சீட்டில் எழுதி முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் சாமி பாடு. 'ஒயரப் புடுங்கினது யாருன்னு காட்டு' என்று எழுதியதாகப் பேச்சு.

கோகுலு சிரித்தான். "கட்டட்டும்க்கா. சாமிக்கும் அதே ஸ்கிரீன்தான் தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்டேப்ளரையே அவன் மேல் விட்டெறிந்திருப்பேன்.

முதல் சூளை வேலை முடிந்தது. அன்று காலை கோகுலு திரையின் முன் உட்கார்ந்து, கருப்பனிடம் போனில் ஒயரைச் சொருகச் சொன்னான். கருப்பன் சொருகினார். சூளை ஒன்றில் ஒரு மாற்றமும் இல்லை. சூளை இரண்டில் ஏழாம் போர்ட்டு டவுனிலிருந்து அப் என்று மாறியது.

நானும் பார்த்தேன். "பூட்டிக் கெடக்கற ஷெட்டுல ஒயர யாரு கோகுலு சொருகினது?" என்றேன். அவன் எழுந்து முதல் ஷெட்டுக்கு ஓடினான். அங்கிருந்து போன் செய்தான். "அக்கா, சூளை ரெண்டு ஏழாம் போர்ட்ட மூடுங்க." அவன் சொல்லிக் கொடுத்தபடி அடித்தேன். "அணைஞ்சிடுச்சு" என்றான். "என் கண்ணு முன்னாலயே ஏழாம் போர்ட்டு லைட்டு அணைஞ்சிடுச்சுக்கா."

விஷயம் இவ்வளவுதான். பூஜை முடிந்து மாட்டும்போது பெட்டியை மாற்றி மாட்டிவிட்டான். பெயர் பெட்டிக்குள் இருக்கிறது, சுவரில் இல்லை. சூளை இரண்டு என்று பெயர் சொல்லுகிற பெட்டி முதல் ஷெட்டில் தொங்கியது. அன்று டவுன் என்று வந்தது கருப்பன் பிடுங்கிப் போட்ட ஒயர். ஒன்றாம் சூளையென்று நினைத்து இவன் கட்டளை போட்டு மூடியதோ, இரண்டாம் சூளையின் போர்ட்டு. மணி அடிக்காமல் வாயைப் பொத்தினது இவன் கைதான்.

திரும்பி வந்தவன் முகத்தை எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. "கூசுதுக்கா. ஒடம்பே கூசுது. வந்து பாருங்கன்னு சொன்னாரேக்கா" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். இரண்டாம் ஷெட்டுச் சாவி மேசை மேலேயே இருந்தது. அதை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னான். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "சரி, விடு. பாவாடைய வரச்சொல்லிடு. ஒயரு தானா லூசாயிருந்துச்சுன்னு சொல்லிக்கலாம். உம் பேரும் எம் பேரும் எதுக்குக் கெடணும்?" என்றார்.

தனியாகப் போகப் பயந்து கோகுலு என்னையும் கூட்டிக்கொண்டு பாவாடை வீட்டுக்குப் போனான். பாவாடையின் மனைவி வீரம்மாள், "வாங்க சார், வாங்க ரீட்டாம்மா" என்று பாயை உதறிப் போட்டு, ஓடிப்போய் டீ வாங்கி வந்தது. வேலையைப் பறித்தவனுக்கு டீ. அவன் அந்த டம்ளரைக் குடிக்காமல் பாயில் வைத்தான்.

"அது... ஒயரு தானா லூசாயிருந்துச்சாம். நீங்க வேலைக்கு வந்துடுங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"லூசா இருந்துச்சா?" என்றார் பாவாடை. "அப்பவும் நான் பாக்காம விட்டேன்னுதானே சார் பேரு? நான் வரல சார். பிராது கட்டியிருக்கேன். அவரு காட்டட்டும்."

வெளியே வந்தோம். தெருமுனை வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "ஏண்டா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? அந்த மனுஷன அன்னிக்கு பொய் சொல்றன்னு சொன்னியே, இன்னிக்கு நீ சொன்னதுக்கு என்னடா பேரு?" என்று நடுத்தெருவிலேயே கத்திவிட்டேன். போவோர் வருவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். அவன் குழந்தை மாதிரி அழுதான். பிறகு என்னை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். நான் பின்னாலேயே போனேன்.

வாசலில் நின்றுகொண்டே சொன்னான். "நான்தாண்ணே. பெட்டிய மாத்தி மாட்டினதும் நான்தான். மூடினதும் நான்தான். நீங்க தொடவே இல்ல."

வீரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. பாவாடை எழுந்து வாசலுக்கு வந்தார்.

"இங்க சொன்னா யாருக்கு சார் கேக்கும்? எங்க உக்காந்து சொன்னீங்களோ, அங்கயே வந்து சொல்லுங்க."

மறுநாள் ஆபீசில் அன்றைக்கு இருந்த அத்தனை பேரும் நின்றார்கள். முதலாளி வேண்டா வெறுப்பாக வந்து சுவரோரம் நின்றார். கோகுலு தன் நாற்காலியில் பாவாடையை உட்கார வைத்தான். அவர் விளிம்பில்தான் உட்கார்ந்தார். இவன் குனிந்து நின்றபடி நடந்ததையெல்லாம் சொன்னான். குரல் பாதிப் பாதியாக வந்தது. பிறகு இரண்டாம் ஷெட்டில் தொங்குகிற பெட்டிக்கு ஒரு கட்டளை அடித்தான். போர்ட்டை மூடியது யார் என்று காட்டுகிற கட்டளையும் ஒன்று இருக்கிறதாம். அன்றைக்கு அதை மட்டும் அவன் அடிக்கவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது. பாவாடைக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பக்கம் திரும்பி, "என்னம்மா போட்டிருக்குது?" என்று கேட்டார். நான் கோகுலுவைப் பார்த்தேன்.

"சத்தமா படிங்கக்கா" என்றான். காது மடல் வரை சிவந்திருந்தது.

"ஏழாம் போர்ட்டு மூடப்பட்டது. மூடியவர், கோகுலகிருஷ்ணன்" என்று படித்தேன்.

பாவாடை எழுந்தார். மேசை மேலிருந்த சாவியை எடுத்தார். "வாங்க சார். இப்பவாச்சும் வந்து பாருங்க" என்று முன்னால் நடந்தார். கோகுலு பின்னால் போனான். நாங்கள் எல்லோரும் குழாயடியைத் தாண்டிப் போய் இரண்டாம் ஷெட்டுக்குள் நுழைந்தோம்.

பெட்டி சுவரில் இருந்தது. ஏழாம் போர்ட்டில் ஒயர் அழுத்தமாகச் சொருகியிருந்தது. ஒயரையும் பெட்டியையும் சேர்த்து அப்பின சந்தனம் காய்ந்து இறுகிப் போயிருந்தது. ஒரு பொட்டு உதிரவில்லை. அதன் மேல் ஒரு விரல் தடம் பதிந்திருந்தது, ரேகைகூடத் தெரிந்தது. கோகுலுவின் விரல்.

அவன் அதைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"பாத்துட்டீங்களா சார்?" என்றார் பாவாடை.

"பாத்துட்டேண்ணே."

பாவாடை வந்த வழியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆபீஸ் ஜன்னலில் என் மேசை தெரிந்தது.

"இவ்ளோ தூரந்தான் சார்" என்றார்.