டீப்னா தீபம்

செவ்வாய்க்கிழமை காலை தண்டலத்திலிருந்து ஏகாம்பரம் அண்ணன் மகள் போன் செய்தாள். "டீச்சர், அப்பா நம்மள வுட்டுட்டுப் போய்ட்டாரு" என்றாள். நம் மைக் செட் அண்ணன். சேரப்பணஞ்சேரியில் உங்களில் யார் வீட்டு விசேஷத்துக்கு அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டவில்லை?

என் வீட்டுக்கு அவர் கட்டியது 1991இல். வீடு பாதி எழும்பியிருந்தபோது என் கணவர் மறைமலை நகருக்கு வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்துபோனார். மீதியை நான் கட்டி முடித்தேன். புதுமனை புகும் நாளன்று அவருடைய பெரியப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: விளக்கைக் கொழுந்தன் மனைவி ஏற்றுவாள், சினிமாப் பாட்டும் மேளமும் கூடாது. நான் கட்டிய வீட்டுக்குள் நானே விருந்தாளி மாதிரிக் கடைசியாகப் போக வேண்டுமாம்.

அதற்குள் அண்ணன் குழாய் கட்டி முடித்துவிட்டார். "இது இன்னா கல்யாண வூடா? கழட்டிகினு போ" என்று பெரியப்பா அதட்டினார். அண்ணனோ, கப்பலில் வேலை செய்யும் மச்சான் கொடுத்த வெளிநாட்டு நடன இசைக் கேசட் ஒன்றைப் போட்டார். அடியில் நிதானமாக ஒரு தாளம். அதன்மேல் மழைக்கு முந்தைய ஏரிக்காற்று போல நீளமாக ஓர் இசை. எங்கோ தொலைவில் ஒரு பெண் குரல், சொல்லே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நடையைத் தளர்த்தினார்கள்.

"இன்னாய்யா இது, தூக்கம் வர்ற மாதிரி கீது?"

"டீப் ஹவுஸ், பெரியவரே. அட்டையிலயே போட்டுகீது. டீப்னா தீபம், ஹவுஸ்னா வூடு. வூட்டுக்காரி வெளக்கேத்தறப்ப போடறது."

பெரியப்பா என்னிடம் திரும்பினார். "நீ இங்கிலீஷ் டீச்சராச்சே, அப்படியாம்மா?"

"ஆமாம் மாமா" என்றேன், கூசாமல்.

நம்பினாரோ, சபையில் வாதாடச் சலித்தாரோ, தீப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டார். விளக்கின் முன் நின்று வாய்விட்டு அழுதேன். அந்தக் குரலோடு சேர்ந்துபோனதால் யாருக்கும் கேட்கவில்லை.

எனக்காகத்தான் அண்ணன் பொய் சொன்னார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் நன்றி சொல்லப் போய், "டீப்னா ஆழம்தானேண்ணே" என்று சிரித்தேன். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. "நெஜமாவா டீச்சரம்மா? நான் தீபம்னுதான் இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன்." அப்படியானால் அன்றைக்குப் பொய் சொன்னது நான் ஒருத்திதான். அதையும் சொன்னேன்.

அவருக்கு அது விளங்கவே இல்லை. "வெளக்க வூட்டுக்காரிதானே ஏத்தணும்? அதுக்கு இங்கிலீஷு எதுக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு யார் சொல்லியும் எந்த விசேஷத்திலும் நான் பின்வரிசைக்குப் போனதில்லை. ஏகாம்பரம் அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது அதுதான்.